ஐந்தாம் தடவையும் வந்த வண்டி

அந்த வெள்ளை கேம்பர் வேனைக் கண்டாலே சாமுண்டீஸ்வரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு மாதத்தில் ஒரே கோளாறுக்காக நான்கு தடவை வந்து போன வண்டி. நான்கு தடவையும் அவள்தான் பார்த்தாள், அவள்தான் சரிசெய்தாள், அவள்தான் "இனிமே வராது, தைரியமா போங்க" என்று சாவியைக் கையில் கொடுத்தாள். இதோ, ஐந்தாம் தடவையாகத் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்குச் சிங்கப்பூர் காக்கி புக்கிட்டில் வடிவேலுவின் டீசல் பட்டறை வாசலில் ஒன்றும் நடக்காததுபோல் வந்து நிற்கிறது. வெட்கம் மானம் எதுவும் இல்லாத வண்டி.

வண்டிக்குச் சொந்தக்காரர் அமலா. முப்பது வருடம் மருத்துவமனையில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்த இந்த வேனை வாங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கணவரை ஏற்றிக்கொண்டு ஜொகூர் பாலத்தைத் தாண்டி மலேசியாவுக்குப் போனால், ஞாயிறு சாயங்காலம்தான் திரும்புவார். அதனால் வண்டியில் எந்தக் கோளாறு வந்தாலும் திங்கட்கிழமை காலையில் முதல் ஆளாக வந்து நிற்பார்.

"மறுபடியும் அதே லைட்டா அக்கா?"

"லைட்டு மட்டுமா? வந்து பாரு. இன்னும் அறுநூத்தி நாப்பது கிலோமீட்டர்ல இஞ்சின் ஸ்டார்ட் ஆகாதாம். எனக்கு நாள் குறிச்சிருக்கு உன் வண்டி."

"என் வண்டியா? உங்க வண்டி!"

"எட்டு மாசத்துல என்னைவிட நீதான் அதுல அதிகமா உக்காந்திருக்கே, லா."

பக்கத்து மேடையில் லாரிக்குக் கீழே படுத்திருந்த இர்ஃபான் சிரித்தது கேட்டது. சாமுண்டி பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கோளாறு ஒன்றும் புரியாத கோளாறு இல்லை. டீசல் புகையில் இருக்கும் நச்சுவாயுவை அடக்குவதற்காகப் புகைக்குழாய்க்குள் யூரியாக் கரைசலைப் பீய்ச்சுவார்கள். பார்க்கத் தண்ணீர் மாதிரிதான் இருக்கும். பட்டறையில் எல்லோரும் அதைச் சுருக்கமாக யூரியா என்பார்கள். அது ஒழுங்காக வேலை செய்யவில்லை, நச்சு அடங்கவில்லை என்று வண்டிக்குத் தோன்றிவிட்டால் முதலில் மஞ்சள் விளக்கு எரியும். பிறகு கிலோமீட்டரைக் குறைத்துக்கொண்டே வரும். கடைசியில் நீங்கள் குட்டிக்கரணம் போட்டாலும் இஞ்சின் கிளம்பாது. மூன்றாவது தடவை அமலா மெர்சிங் கடற்கரையில் கணவரோடு ஒரு நாள் முழுக்க அப்படித்தான் மாட்டிக்கொண்டார்.

முதல் தடவை சாமுண்டி புகையை முகர்ந்து பார்க்கும் சென்சாரை மாற்றினாள். இரண்டாவது தடவை யூரியாவைப் பீய்ச்சும் ஊசியைக் கழற்றிச் சுத்தம் செய்தாள். மூன்றாவது தடவை இன்னொரு சென்சார். நான்காவது தடவை மாற்றுவதற்கு ஒன்றும் மிச்சம் இல்லாததால் அமலாவையே பிடித்துக்கொண்டாள். "அக்கா, இந்த வண்டி ஹைவேல ஓடணும். நீங்க வாரத்துல அஞ்சு நாளு கார் பார்க்கில போட்டு வெக்கிறீங்க. மிச்ச நேரத்துல டெக்கா சந்தைக்குப் போய் வெண்டைக்கா வாங்கிட்டு வர்றீங்க. வண்டிக்கு என்ன பைத்தியமா, பழுதாகாம இருக்க?" என்று பட்டறையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அமலா அன்றைக்கு முகம் சிவந்து போனார். நீட்டிய எதையோ திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

இன்றைக்கு அவர் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து நீட்டினார். "எல்லாம் இதுல எழுதி வெச்சிருக்கேன். போன தடவையே குடுத்தேன், நீ வாங்கல."

"ஸ்கேனர் எல்லாம் சொல்லும் அக்கா. நோட்டு வேணாம்."

"ஸ்கேனர் நாலு தடவை சொன்னதைத்தான் பாத்தோமே."

நோட்டை மேசைமேல் வைத்துவிட்டு அமலா பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.

இதையெல்லாம் கண்ணாடி அறைக்குள்ளிருந்து முதலாளி வடிவேலு பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கத்த மாட்டார். அவர் மெதுவாகப் பேசினால்தான் பயப்பட வேண்டும். வெளியே வந்து மெதுவாகப் பேசினார்.

"சாமுண்டி. இதுதான் கடைசி. புதன்கிழமை வண்டி போகணும். போயிட்டு மறுபடி வந்துச்சுன்னா ஸ்கேனரை இர்ஃபான்கிட்ட குடுத்துட்டு நீ எண்ணெய் மாத்துற மேடைக்குப் போயிடு."

"பாஸ், இர்ஃபானுக்கு ஸ்கேனரை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது!"

"கத்துக்குவான்."

ஸ்கேனர் என்பது கையில் பிடிக்கும் ஒரு பலகை. வண்டியின் மூளையோடு பேசும் கருவி. வெளியாட்களுக்கு அது ஒரு சாமான். சாமுண்டிக்கு அது பத்து வருடம். ஜூரோங்கில் வேறொரு பட்டறையில் ஸ்பேனர் பிடிக்கத் தொடங்கியபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. "ஆம்பளைங்க யாரும் இல்லையா?" என்று கேட்ட லாரிக்காரர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அவள் வாய் இவ்வளவு நீண்டது. எண்ணெய் மாற்றி, டயர் உருட்டி, எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பழைய இஞ்சின்களைப் பிரித்துப் பார்த்து, கடைசியில் இரண்டு வருடத்துக்கு முன்புதான் வடிவேலு அந்தக் கருவியை அவள் கையில் கொடுத்தார். இப்போது லாரிக்காரர்கள் வாசலிலேயே "சாமுண்டி இருக்கா?" என்று கேட்கிறார்கள். அதைப் போய் இர்ஃபானிடம் கொடுப்பதா? செத்தாலும் முடியாது.

"புதன்கிழமை வண்டி போகும் பாஸ். மறுபடி வராது. வந்தா நானே குடுத்துடறேன்" என்றாள்.

வாரத்தின் முதல் வண்டிக்கு வடிவேலு பட்டறையில் தனி மரியாதை உண்டு. சூடம் காட்டி, எண்ணெய், தண்ணீர், யூரியா எல்லாவற்றையும் நிறைய ஊற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்கள். வாரம் நிறைவாகப் போகுமாம். அன்றைக்கும் இர்ஃபான் மூலையில் இருந்த யூரியா டிரம்மிலிருந்து கறுப்புக் குவளை ஒன்றில் பிடித்துக் கேம்பரில் ஊற்றினான். வடிவேலு சூடத்தைக் காட்டினார். சாமுண்டி கும்பிட்டுவிட்டுச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள்.

இந்தத் தடவை ஒரு சாமானையும் மாற்றுவதில்லை என்று தீர்மானித்தாள். சாமானை மாற்றுவது சுலபம். மாற்றிவிட்டுச் சாமியை வேண்டிக்கொண்டு காத்திருப்பது இன்னும் சுலபம். காரணத்தைப் பிடிக்காமல் விடக்கூடாது.

திங்கள் முழுக்க அளந்தாள். சென்சார் இரண்டும் சரி. ஊசி சரி, அழுத்தம் சரி, ஒயர்கள் சரி. யூரியாவை ஒரு சொட்டு எடுத்து அடர்த்தி பார்க்கும் அளவுக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தாள். முப்பத்திரண்டரை சதவீதம், துல்லியம். இதையும் நான்கு தடவை பார்த்திருக்கிறாள், நான்கு தடவையும் இதே அளவுதான். எல்லாம் சரியாக இருக்கிறது, வண்டி மட்டும் சரியில்லை. புகையில் இருக்கும் நச்சில் நூற்றுக்கு ஐம்பத்தாறு பங்குதான் அடங்குகிறது என்று ஸ்கேனர் அடம் பிடித்தது. குறைந்தது எண்பது அடங்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், அமலாவின் நோட்டை எடுத்தாள்.

தாதியின் நோட்டு அல்லவா! தேதி, மணி, எத்தனை கிலோமீட்டர், எங்கே டீசல் போட்டது, எந்த விளக்கு எரிந்தது, எப்போது அணைந்தது, எல்லாம் சின்னச் சின்ன எழுத்தில் வரிசையாக இருந்தன. சாமுண்டி சோற்றைப் பிசைந்தபடியே படித்தாள். முதலில் வெறும் எண்ணெய் மாற்றிக்கொண்டு பட்டறையிலிருந்து புறப்பாடு, முந்நூற்று எழுபது கிலோமீட்டரில் விளக்கு. பட்டறையிலிருந்து புறப்பாடு, நானூற்றுப் பத்தில் விளக்கு. மெர்சிங்கில் மாட்டிக்கொண்டபோது அங்கே வந்த மெக்கானிக் பழைய யூரியாவை வடித்துக் கொட்டிவிட்டு, குவாந்தானிலிருந்து வந்த சீல் பிரிக்காத கேன் ஒன்றை ஊற்றியிருக்கிறான். அதற்குப் பிறகு ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர், ஒரு விளக்கும் இல்லை. பிறகு, எதற்கும் பார்த்துவிடலாம் என்று மறுபடி பட்டறை. மறுபடி முந்நூற்றுத் தொண்ணூறு.

பிசைந்த சோறு கையிலேயே நின்றது. இவள் வைத்தியம் பார்த்து அனுப்பிய ஒவ்வொரு தடவையும் நோய் வந்திருக்கிறது. இவள் தொடாத ஒரே சமயத்தில் வண்டி ஜம்மென்று ஓடியிருக்கிறது. இதைத்தான் அமலா நான்காவது தடவை சொல்ல வந்தார். இவள் வெண்டைக்காய்க் கதை பேசி அவர் வாயை அடைத்துவிட்டாள்.

"இர்ஃபான்! சாமி மேசையில வெள்ளைக் கிண்ணம் இருக்கும் பாரு, மூணு எடுத்தா!"

"சாமி கிண்ணம் எதுக்கு?"

"எடுத்தாடான்னா!"

முதல் கிண்ணத்தில் கேம்பரின் தொட்டியிலிருந்து யூரியாவை உறிஞ்சி ஊற்றினாள். இரண்டாவதில் அலமாரியிலிருந்த சீல் பிரிக்காத கேனைத் திறந்து ஊற்றினாள். அருகருகே வைத்துப் பார்த்தாள். இரண்டாவது கிண்ணம் வெறும் தண்ணீர்போல் இருந்தது. முதல் கிண்ணத்தில் லேசாக, மிக லேசாக, வெள்ளைச் சட்டைக்கு நீலம் போட்ட பக்கெட்டில் கடைசியாக நிற்கும் தண்ணீரின் நிறம். கறுப்புக் குவளையில் இத்தனை நாள் பார்த்ததில் அது யார் கண்ணுக்குத் தெரியும்?

மூன்றாவது கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூலையில் இருந்த டிரம்முக்குப் போனாள். அதன் குழாயைத் திருகிக் கொஞ்சம் பிடித்தாள். அதே நீலம். டிரம்மின் மேல்மூடியைத் திறந்து, ரப்பர் குழாயை உள்ளே விட்டு உறிஞ்சி எடுத்தாள். அது தெளிந்த தண்ணீர். டிரம்மில் இருப்பது நல்ல யூரியா. குழாயைத் தாண்டி வெளியே வருவதுதான் கெட்டது.

குழாய்.

சாமுண்டி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். அந்தக் குழாயை மாட்டியது யார்? வேறு யார், அவள்தான். ஒன்பது மாதத்துக்கு முன்னால் டிரம்மோடு வந்த பிளாஸ்டிக் குழாய் ஒழுகத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை கேம்பல் லேனில் பாத்திரக் கடைக்குப் போனாள். செம்புப் பானையில் தண்ணீர் ஊற்றி வைத்துக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்று ஊரே வாங்குகிறது அல்லவா, அந்தப் பானைக்குப் பொருத்துகிற பித்தளைக் குழாய்கள் அங்கே தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தன. நல்ல கனம். வழவழவென்று திருகியது. "பிளாஸ்டிக் என்ன பிளாஸ்டிக், இது நம்ம காலத்துக்கும் உழைக்கும்" என்று வாங்கிவந்து மாட்டினாள். வடிவேலு தட்டிப் பார்த்துவிட்டு "பித்தளைன்னா பித்தளைதான்" என்று பாராட்டினார். அதோடு விட்டாளா? வெள்ளிக்கிழமை தோறும் சாமி விளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும்போது, கையில் மிச்சமிருக்கும் புளியை வீணாக்காமல் அந்தக் குழாய்க்கும் உள்ளும் புறமும் போட்டுத் தேய்த்தாள். பட்டறைக்கு வருகிறவர்கள் எல்லாம் "அட, தங்கமாட்டம் இருக்கே!" என்பார்கள். அவளுக்குப் பெருமை தாங்காது.

ஸ்பேனரை எடுத்துக் குழாயைக் கழற்றினாள். வெளியே தங்கம்தான். உள்ளே விரலை விட்டு வழித்தாள். பச்சைப் பசேலென்று களிம்பு.

"அடிப்பாவி!" என்றாள். தன்னைத்தான்.

ஈயம் பூசாத பித்தளையில் ரசம் வைக்கக் கூடாது, களிம்பேறி விஷமாகிவிடும் என்பது எந்த வீட்டில் தெரியாது? அவள் வீட்டில் தெரியாதா? யூரியா புளியைவிடப் பொல்லாதது. செம்பையும் பித்தளையையும் அரித்துத் தன்னுள் கரைத்துக்கொண்டுவிடும். அந்தக் கரைசல் வண்டியின் புகையைச் சுத்தமாக்கும் வடிப்பானுக்குள் போய் அதை மெல்ல மெல்லச் சாகடிக்கும். வெள்ளிக்கிழமை அவள் களிம்பைத் தேய்த்து எடுத்துப் புதுப் பித்தளையைத் திறந்துவிடுகிறாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் குழாய்க்குள் நிற்கும் யூரியா அதை நிதானமாகத் தின்கிறது. திங்கட்கிழமை காலை முதல் குவளை, முழு விஷமும், முதல் வண்டிக்குப் போகிறது. அந்த முதல் வண்டிக்குச் சூடம் வேறு காட்டுகிறார்கள்.

சிமெண்டுத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வெண்டைக்காய் வாங்கப் போனதற்காக அமலாவைத் திட்டியது, சென்சார் விற்றவனைப் போனில் கிழித்தது, வண்டி செய்த கம்பெனியை வாய்க்கு வந்தபடி பேசியது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தது. எல்லோரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினாள். ஏற வேண்டியவள் ஸ்கேனரைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றாள்.

இர்ஃபான் பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தான். குழாயைப் பார்த்தான், கிண்ணங்களைப் பார்த்தான். அவனுக்கும் புரிந்துவிட்டது. "நான் ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கிட்டு வந்து மாட்டிடறேன். யாருக்கும் தெரிய வேணாம், லா."

"எனக்குத் தெரியுதே!" என்று சீறினாள்.

கேம்பரின் தொட்டியை முழுக்கக் கழற்றி, காய்ச்சி வடித்த நீரால் மூன்று தடவை கழுவினாள். ஊசியைப் புதிதாக மாற்றினாள். சீல் பிரிக்காத கேன்களிலிருந்து நிரப்பினாள். புதன்கிழமை காலை வண்டியை எடுத்துக்கொண்டு விரைவுச்சாலையில் மேற்கே துவாஸ் வரை போனாள், திரும்பிக் கிழக்கே சாங்கி வரை வந்தாள், மறுபடி துவாஸ் போனாள். வடிப்பான் பிழைக்குமா என்று உறுதியாகத் தெரியாது. செம்பு ஏறிய வடிப்பான் எல்லாமே பிழைப்பதில்லை. பக்கத்து இருக்கையில் இருந்த ஸ்கேனரில் ஐம்பத்தாறு அறுபது ஆயிற்று, அறுபத்தெட்டு ஆயிற்று. "ஏறுடி, ஏறு, உன்னை விட மாட்டேன்" என்று லாரிகளுக்கு நடுவே வாய்விட்டுக் கத்தினாள். இரண்டாம் தடவை துவாஸ் போய்த் திரும்பும் வழியில் ஜூரோங் தாண்டும்போது எண்பத்து மூன்று. மஞ்சள் விளக்கு தானாக அணைந்தது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. சந்தோஷமா, ஆத்திரமா, அவளுக்கே தெரியவில்லை.

பட்டறைக்குத் திரும்பியதும் வடிவேலுவைக் கூப்பிட்டுக் கிண்ணங்களையும் குழாயையும் காட்டினாள். எதையும் மறைக்கவில்லை. அவர் குழாயைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். நாடியைத் தடவினார்.

"சரி. கண்டுபிடிச்சுட்டியே, அதுதான் முக்கியம். ஸ்கேனர் உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "வேலை அட்டையில 'ஊசி பழுது, மாற்றப்பட்டது'ன்னு எழுது. அமலா நாலு மணிக்கு வருவாங்க."

"ஊசி பழுது இல்லையே பாஸ்."

"மாத்துனேல்ல? அப்ப பழுதுதான்."

வேலை அட்டை என்பது வண்டிக்காரர் கையில் கொடுத்தனுப்புவது. என்ன கோளாறு, என்ன காரணம், யார் பார்த்தது என்று மூன்று வரி. சாமுண்டி மேசைக்குப் போய் எழுதினாள். கொண்டுவந்து நீட்டினாள். வடிவேலு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'காரணம்: பட்டறை யூரியா டிரம்மில் நான் மாட்டிய பித்தளைக் குழாய்.'

இரண்டாகக் கிழித்தார்.

சாமுண்டி இன்னொரு அட்டையை எடுத்து அதே வரியை எழுதினாள். அவர் அதையும் கிழித்தார்.

"உனக்கென்ன பைத்தியமா? பன்னெண்டு பேரு இங்க சோறு திங்கறாங்க. பட்டறையிலேயே விஷத்தை ஊத்திக் குடுத்தோம்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒரு லாரி உள்ள வருமா? உன் பேரும் சேந்துதான் நாறும். பொம்பளை கையில குடுத்தான், அதான் இப்படி ஆச்சும்பானுங்க. அதைக் கேக்கவா பத்து வருஷம் கஷ்டப்பட்டே?"

அந்தக் கடைசி வார்த்தை குறி பார்த்து விழுந்தது. அப்படித்தான் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். யார் யார் சொல்வார்கள் என்று பெயரோடு தெரியும். அடுத்த அட்டையைக் கையில் எடுத்தாள். பிறகு கோபம் வந்தது, அவளை ஒருநாளும் கைவிடாத அந்தப் பழைய கோபம்.

"சொல்லட்டும் பாஸ். நான் தப்புப் பண்ணேன், பொம்பளை பண்ணல. போன தடவை அந்தம்மாவை எல்லார் முன்னாலயும் குத்தம் சொன்னேன். அது தப்புன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுவேன். பூசி மெழுகி அனுப்பிட்டு நாளைக்கு இன்னொரு வண்டியைப் பாத்து 'உன் கோளாறு இதுதான்'னு சொல்ல எனக்கு வாய் வராது. நீங்க கிழிங்க. அட்டை கட்டுக்கட்டா இருக்கு. எனக்குக் கை வலிக்காது."

மூன்றாவது அட்டையை எழுதினாள். வடிவேலு கை நீட்டுவதற்குள் வாசலிலிருந்து அமலாவின் குரல் கேட்டது. "வண்டி ரெடியா?"

சாமுண்டி நேரே போய் அட்டையை அவர் கையில் கொடுத்தாள். குழாயையும் கொடுத்தாள். மூன்று கிண்ணங்களையும் வரிசையாகக் காட்டி, புளி முதல் சூடம் வரை ஒன்று விடாமல் சொன்னாள். "உங்க மேல தப்பே இல்லக்கா. வெண்டைக்கா மேலயும் தப்பு இல்ல. நீங்க எழுதி வெச்ச நோட்டைப் படிச்சிருந்தா போன தடவையே தெரிஞ்சிருக்கும். நான் படிக்கல. திமிரு. மன்னிச்சுக்குங்க" என்றாள். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இன்னும் உரக்கவே சொன்னாள்.

அமலா குழாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தார். பச்சையைக் கைக்குட்டையில் துடைத்தார். அவர் திட்டுவார் என்று சாமுண்டி எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"வார்டுல ஒரு மருந்து பாட்டில்ல கோளாறுன்னு தெரிஞ்சா நாங்க மொதல்ல என்ன கேப்போம் தெரியுமா?" என்றார் அமலா நிதானமாக. "அதே பாட்டில்ல இருந்து வேற யாருக்குக் குடுத்தோம்னு கேப்போம். இந்தக் குழாயில என் வண்டி மட்டுமா குடிச்சுது?"

இர்ஃபான் டிரம்மின் பக்கம் திரும்பினான்.

சாமுண்டி டிரம்முக்கு மேலே சுவரில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள். டிரம் எப்போது காலியாகும் என்று கணக்குத் தெரிவதற்காக, யூரியா ஊற்றுகிற வண்டிகளின் எண்களை அதில் எழுதி வைப்பார்கள். நேற்றிலிருந்து அந்தப் பக்கம் திரும்பாமலே நடமாடினாள் என்பது இப்போதுதான் அவளுக்கே உறைத்தது. கேம்பரைத் தவிரப் பத்தொன்பது வண்டிகள். எல்லாம் நாள்தோறும் ஓடுகிற லாரிகள். யூரியாவைச் சீக்கிரம் தீர்த்துவிடும், விஷம் மெதுவாகத்தான் ஏறும். ஆனால் ஏறும். நான்காவது எண் சின்னராசுவின் லாரி. பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையிலிருந்து டெக்காவுக்குக் காய்கறி ஏற்றுகிறவர். போன மாதம் அவர் லாரியில் இதே மஞ்சள் விளக்கு எரிந்தபோது, "வண்டிக்கு வயசாயிடுச்சுண்ணே, வித்துடுங்க" என்று சொன்னது யார்? இந்த வாய்தான்.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தாள்.

வடிவேலு அருகே வந்தார். மெதுவாகப் பேசினார். "அமலாவுக்குச் சொன்னே. சரி, விட்டுட்டேன். இது வேற. போனை உள்ள வை. இல்லேன்னா ஸ்கேனரைக் குடுத்துடு."

சாமுண்டி தோளில் மாட்டியிருந்த ஸ்கேனரைக் கழற்றினாள். அதன் முனையில் அவள் விரல் பட்டுப் பட்டு வழவழப்பாகிவிட்ட இடம் இருந்தது. இர்ஃபானிடம் நீட்டினாள். அவன் வாங்காமல் தயங்கினான்.

"வாங்கிக்கோ இர்ஃபான். கீழ போட்டுடாத, அதோட திரை ரொம்ப மெலிசு. தெரியலன்னா வந்து கேளு, சொல்லித்தரேன்."

அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். தலைகீழாகத்தான் பிடித்தான். வடிவேலு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வடிவேலு ஸ்கேனரை எடுத்துக்கொள்ளட்டும், தன்னை எண்ணெய் மேடையில் போடட்டும் என்று சாமுண்டி நினைத்தாள். எண்ணெய் மேடையில் நின்றாலும் அவள் சாமுண்டீஸ்வரிதான். போனைக் காதில் வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி நடுப் பட்டறையில் போய் நின்றாள்.

நான்காவது மணியில் சின்னராசு எடுத்தார். பின்னால் சந்தை இரைச்சல் கேட்டது.

"சொல்லும்மா சாமுண்டி! நானே கூப்பிடணும்னு இருந்தேன். நீ சொன்ன மாதிரி வண்டிக்கு ஆள் பாத்துட்டேன். நாளைக்குக் காலையில வந்து எடுத்துக்கறாங்க."

"விக்காதீங்கண்ணே" என்றாள் சாமுண்டி. "உங்க வண்டிக்கு ஒண்ணுமில்ல. தப்பு என்னோடது. சொல்றேன், கேளுங்க."

அவர் கேட்டார். ஆறு நிமிடம் கேட்டார். இரண்டு தடவை கத்தினார். அவள் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் சுவரிலிருந்து அட்டையைக் கழற்றி, அவருடைய எண்ணுக்கு எதிரே ஒரு கோடு இழுத்தாள். இன்னும் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். அடுத்த வண்டிக்காரரின் போன் எண்ணை அழுத்தினாள்.